நான் கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்தேன்... தறி எனக்காகக் காத்திருந்தது!

"அட்டை ரெடியாம்மா?"

2025 ஜூலை மாதம். ஆனி முடிய ஒரு வாரம் இருந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடி பெரியப்பா கேட்ட இந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவோடு ஒரே தெருவில் தறி போட்டவர். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்பாவுக்கு மூத்தவர் எல்லோருமே பெரியப்பாதான்.

"இதோ ஆயிடுச்சு பெரியப்பா, ஒரு மணி நேரம்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டர் திரை கறுப்பானது. 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

திரையில் அப்போது இருந்தது ஒரு முகூர்த்தப் பட்டின் முந்தானை. ஆவணிக் கல்யாணம். இருதலைப் பட்சியும் யாளியும் வரிசையாக வரும் டிசைன். பாதிக்கு மேல் முடித்திருந்தேன். வேறு எங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை.

ஏன் எடுத்து வைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

21 கேபி பட்டு

எங்கள் வேலை பலருக்குத் தெரியாது. பட்டுச் சேலை என்றால் தறியும் நெசவாளரும்தான் கண்ணுக்கு வருவார்கள். நடுவில் எங்களைப் போல அட்டை குத்துகிறவர்கள் இருக்கிறோம்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் கயிற்றில் கோர்த்த அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த பாவு நூல் மேலே எழும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். எழுந்த நூலுக்கும் கிடக்கும் நூலுக்கும் நடுவே நாடா ஓடும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. மயிலோ மாங்காயோ, கோபுரக் கரையோ, எல்லாமே இந்த 'ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை' கணக்குதான்.

அப்பா காலத்தில் இதை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிப் போடுவார்கள். அப்புறம் பியானோ மாதிரி கட்டைகள் உள்ள மெஷினில் விரலால் அழுத்தி அட்டை குத்துவார்கள். ஒரு முந்தானைக்கு வாரக்கணக்கில் ஆகும். நான் அதையே கம்ப்யூட்டரில் செய்கிறேன். பழைய சேலையை ஸ்கேன் செய்வேன், கட்டத்துக்கு மாற்றுவேன், பிசிறுகளைத் திருத்துவேன். கம்ப்யூட்டரோடு இணைத்த மெஷின் அட்டையைக் குத்தித் தள்ளும்.

பிரான்ஸில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் இந்தக் கருவியைக் கொண்டுவந்தார். அந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் அட்டையில் கட்டளை கொடுக்கலாம் என்று யோசித்தார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளை வைத்தே எண்ணி முடித்தார். அதனால் எங்கள் தெருவில் யாராவது "தறிக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்?" என்று கேட்டால், "கம்ப்யூட்டருக்கு நம்ம தறி பாட்டி முறைங்க" என்பேன்.

அட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 240 ஊசி உள்ள ஜக்கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் ஒரு முறை வந்து முடிய 12 அங்குலம், அங்குலத்துக்கு 60 ஊடை. அப்படியென்றால் 720 அட்டை. 240-ஐ 720-ஆல் பெருக்கினால் 1,72,800 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 'உண்டு, இல்லை' என்ற ஒரே பதில். கம்ப்யூட்டரில் அது வெறும் 21 கேபி இடம். காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் வரும் குட் மார்னிங் படம்கூட அதைவிடப் பெரியது.

அடுத்த மாடல் வரட்டும்மா!

என்னுடைய பழைய கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. 2025 பொங்கலுக்கு முன்னாலேயே அது முனக ஆரம்பித்துவிட்டது. பெரிய ஸ்கேன் படத்தைத் திறந்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். சில நாள் தானாகவே அணைந்து, தானாகவே எழுந்துகொள்ளும். போதாததற்கு, அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்று திரையிலேயே அறிவிப்பு வர ஆரம்பித்தது. விண்டோஸ் 11 போட அந்த மெஷினுக்குத் தகுதி இல்லை.

என்னிடம் பணம் இருந்தது. ரெண்டு வருஷமாகக் கட்டிய சீட்டை எடுத்திருந்தேன். அன்றைக்கே போய் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் வாங்கியிருக்கலாம்.

அப்போதுதான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் மகன் போன் பண்ணினான். ஜனவரி மாதம் லாஸ் வேகஸ் நகரில் வருஷா வருஷம் நடக்கும் மின்னணுக் கண்காட்சியில் புதுப் புது மெஷின்களை அறிவிப்பார்கள் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரே உற்சாகம் அவனுக்கு.

"அம்மா, இப்போ வாங்கிடாதே. ஒரு ஒர்க்ஸ்டேஷன் வருது. டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கும். ஏ.ஐ. எல்லாம் அதுக்குள்ளேயே ஓடும். பழைய சேலையை போட்டோ எடுத்துப் போட்டா, அதுவே கிராஃப் போட்டுக் கொடுக்குற மாதிரி நான் செஞ்சு தர்றேன். நாலஞ்சு மாசத்துல கடைக்கு வந்துடும். வாங்குறதை ஒரே தடவை நல்லதா வாங்கு."

அது எந்த நிறுவனத்தின் மாடல் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. குறை அந்த மெஷின் மேல் இல்லை, என் மேல்.

சாதாரண கம்ப்யூட்டருக்கும் ஒர்க்ஸ்டேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனிடமே கேட்டேன். நாள் முழுக்க நிறுத்தாமல் உழைக்கிற மாதிரி செய்திருப்பார்கள். மெமரியில் ஒரு புள்ளி தவறினால் அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வசதி பலவற்றில் உண்டு. கூடவே ஆபீஸ் மாடல்களுக்கு வழக்கமாக மூன்று வருஷம் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி கிடைக்கும்.

புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அட்டையில் ஓர் ஓட்டை தப்பாக விழுந்தால், அந்த டிசைன் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே நூல் தப்பாக எழும். சேலை முழுக்க அந்தத் தழும்பு வரும். அதனால் அவன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

"சரிடா, காத்திருக்கலாம்" என்றேன்.

காத்திருப்பு என்னை என்ன செய்தது?

காத்திருப்பதற்குக் காசு செலவாகாது என்று நினைத்தேன். தினம் தினம் செலவானது. எனக்குத்தான் தெரியவில்லை.

முதலில், பழையதைக் கவனிப்பதை விட்டேன். பிப்ரவரி மாதம் காந்தி ரோடு பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி, "அக்கா, ஹார்ட் டிஸ்க் போற சத்தம் வருது. ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுக்கோங்க, கையோட ஒரு பேக்கப் டிஸ்க்கும் வாங்கிடுங்க" என்றார். ரெண்டும் சேர்ந்து எட்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும். "எதுக்கு தம்பி பழசுக்கு செலவு? இன்னும் நாலு மாசத்துல புதுசு வருது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது யோசித்தால், பெண் பார்த்தாகிவிட்டது என்றதும் இருக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டுவிடுவது மாதிரி. புது வீடு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய வீட்டு ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் இன்றைக்கே ஒழுகும்.

ரெண்டாவது, என் மனசு மாறியது. மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரைப் பார்த்தால் முன்பெல்லாம் பொறுமையாக இருப்பேன். புதுசு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எரிச்சல். பெரிய டிசைன் வந்தால், "இதைப் புது மெஷின்ல போட்டுக்கலாம்" என்று தள்ளி வைத்தேன். அப்படித் தள்ளி வைத்தவை ஏழு.

மூன்றாவது, வருகிறது என்று சொன்ன மாதம் வந்தது, மெஷின் வரவில்லை. "இந்த மாசக் கடைசி" என்றான் மகன். பிறகு "அடுத்த மாசம்". அவன் என்ன செய்வான், அவனும் செய்தியைப் படித்துத்தானே சொல்கிறான்?

இந்தத் தவறைச் செய்தது நான் மட்டும் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ப்ரோ என்ற ஒர்க்ஸ்டேஷன் 2013-ல் வந்தது. அதற்கு அடுத்த மாடலைப் புதிதாக வடிவமைத்துக் கொண்டிருக்கிறோம், ஆனால் இந்த வருஷம் வராது என்று 2017 ஏப்ரலில் அவர்களே பத்திரிகையாளர்களை அழைத்துச் சொன்னார்கள். அது விற்பனைக்கு வந்தது 2019 டிசம்பரில். சினிமா எடிட்டிங் செய்பவர்கள், இசையமைப்பாளர்கள் எனப் பலர் வாங்குவதா, காத்திருப்பதா என்று அத்தனை நாள் தவித்தார்கள்.

அதற்கும் முன்னால் 1983-ல் ஆஸ்போர்ன் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அவர்களின் மெஷின் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அதைவிட நல்ல மாடல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். 'அப்படியானால் அதையே வாங்கிக்கொள்கிறோம்' என்று வாடிக்கையாளர்கள் காத்திருக்க, இருந்த மெஷின் விற்காமல் தேங்கியது. அந்த வருஷமே கம்பெனி திவாலானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனாலும் இப்படி முந்திக்கொண்டு அறிவித்துக் கெடுவதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

விற்கிறவர் பாடே அப்படியென்றால், காத்திருக்கிற என் பாடு?

பதினேழு நாள்

திரை கறுத்த அன்று சாயங்காலம் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பரவால்லம்மா. மெஷின்தானே, மனுஷன் மாதிரி அதுக்கும் உடம்புக்கு முடியாமப் போகும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிசைன்களை மீட்க சென்னைக்கு அனுப்பினோம். ஐந்து நாள். அரைகுறையாகத்தான் திரும்பி வந்தது. யாளி வரிசை இருந்தது, இருதலைப் பட்சி போயே போய்விட்டது. மதர்போர்டும் பழுது என்றார்கள். அதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரில் காசு போடுவதில் அர்த்தம் இல்லை.

அடுத்த நாலு நாள் வெறும் யோசனையில் போனது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. "இவ்ளோ நாள் காத்திருந்துட்டோம், இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. இப்போ வேற எதையாவது வாங்கிட்டு, அடுத்த மாசமே அது வந்துட்டா மனசு அடிச்சுக்கும்" என்றான் மகன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றவருக்கு ஆட்டோவைக் கூப்பிட மனசு வராது. கூப்பிட்ட உடனே பஸ் வந்துவிடுமோ என்று பயம். நின்ற நேரம் போனது போனதுதான், இனி நிற்பதா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி என்பது அப்போது தோன்றாது.

வேறு இடத்தில் அட்டை குத்தக் கொடுக்கலாம் என்று பார்த்தால், ஆவணி முகூர்த்த சீசன், எல்லோரிடமும் வரிசை.

பன்னிரண்டாவது நாள். காந்தி ரோட்டில் ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருந்தேன். வெளியூர்க் கார்கள் வந்து நிற்கும் பட்டுக் கடைகள் வரிசை. ஒரு கடை வாசலில், வேன் கதவு திறந்ததும் ஓடிப்போய், "வாங்கம்மா, உள்ளே வந்து பாருங்கம்மா, பியூர் சில்க்கும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ஒரு வயசானவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

பெரியப்பா.

அறுபது வயசைத் தாண்டியவர். கோர்வை சேலையில் கரையும் உடலும் சேரும் இடத்தில் பல் பல்லாக ஏறி இறங்கும் கோபுரத்தை, ஒரு நூல் பிசகாமல் நெய்கிறவர். மூன்று நாடா போட்டு, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, முந்தானைக்கு வேறு நிறப் பாவை ஒவ்வொரு நூலாகப் பிணைத்து பேட்னி போடுகிறவர். அந்தக் கை, வேனில் வந்தவர்களைக் கடைக்குள்ளே வாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தார். சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காதது போலக் குனிந்துகொண்டு நடந்தேன். கச்சபேஸ்வரர் கோயில் வாசல் வரும்வரை நிமிரவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பெரியம்மாதான் இருந்தார். "பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்மா. பாவு ஏத்தின தறி அப்படியே கெடக்கு. சேலை அறுத்தாத்தானே கூலி? 'அவ பாவம், வேணும்னா செய்றா, அவகிட்ட போய் நிக்காதே'ன்னு சொல்லிட்டாரு. நீ ஒண்ணும் நெனச்சுக்காதம்மா."

நான் நினைத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க நினைத்தேன்.

சீட்டுப் பணம் என் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆறு மாதமாக அதைச் செலவு செய்யாமல் நான் 'மிச்சம்' பிடித்தேன். அந்த மிச்சத்துக்கு வட்டி கட்டியவர் பெரியப்பா. கூடவே கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் ஆளும். புது மாடலா, பழைய மாடலா என்று நானும் என் மகனும் போனில் மணிக்கணக்கில் பேசிய பேச்சில் அவர்கள் ரெண்டு பேரும் எங்கேயுமே வரவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள்

மறுநாள் காலை முதல் பஸ். சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட். மகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். போனிலேயே காந்தி ரோட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவன் எதுவும் பேசவில்லை.

"அம்மா, நமக்கு நிஜமாவே என்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதலாம்" என்றான். ஒரு டீக்கடையில் நின்றபடி எழுதினோம்.

அட்டை குத்துவதற்கு 21 கேபி கணக்குதான். அதற்கு எந்த மெஷினும் போதும். பெரிய ஸ்கேன் படங்களைத் திறந்து திருத்த 16 ஜிபி ரேம், வேகமான எஸ்.எஸ்.டி. வேண்டும். இப்போதெல்லாம் சேலை நெய்வதற்கு முன்பே கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று போனில் படம் கேட்கிறார்கள். அதற்கு நடுத்தரமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், என் அட்டை குத்தும் மெஷின் பழையது. தடிமனான பழைய பேரலல் போர்ட்டில்தான் சேரும். நான் பயன்படுத்தும் டிசைன் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

கடைசி ரெண்டு வரியை எழுதியபோது மகன் பேனாவை நிறுத்திவிட்டான். நாங்கள் ஆறு மாதமாகக் காத்திருந்த மெஷினில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். சிப்பும் வேறு வகை. பழைய போர்ட் பொருத்த உள்ளே இடமும் இல்லை. அது சொன்ன மாதத்திலேயே வந்திருந்தாலும், என் டிசைன் மென்பொருள் அதில் ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

"இதை ஜனவரியிலேயே எழுதியிருக்கணும்மா" என்றான். தலையைத் தடவிக் கொடுத்தேன். அம்மாவுக்கு நல்லதாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னவன்தானே.

பெரிய கம்பெனிகள் நாலைந்து வருஷம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் ஒர்க்ஸ்டேஷன்களைச் சரிசெய்து விற்கும் கடைகள் அங்கே உண்டு. ஒன்றில் 38,000 ரூபாய்க்கு, விண்டோஸ் 11 ஓடக்கூடிய ஒன்றை எடுத்தோம். மெமரி பிழையைத் திருத்தும் வசதியும் அதில் இருந்தது. ஒரு வருஷ வாரண்டி. பேரலல் போர்ட் கார்டு தனியாக வாங்கிப் பொருத்தினோம். கையோடு ரெண்டு பேக்கப் டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று தங்கை வீட்டில்.

இருதலைப் பட்சியை முதலிலிருந்து போட்டேன். ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்தும், பதினேழாவது நாள் சாயங்காலம்தான் கடைசி அட்டையைக் குத்தி முடித்தேன். அதற்குள் அந்த ஆவணிக் கல்யாணச் சேலையை முதலாளி வேறு தறிக்கு மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கல்யாணம் காத்திருக்காதே. பெரியப்பாவுக்கு அந்த ஒரு சேலைக் கூலி போனது போனதுதான். அவர் வாங்க மாட்டார் என்று தெரிந்து, பேத்தியின் ஃபீஸில் ஒரு பங்கைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். சீட்டுப் பணம் அதற்கும் போதுமானதாக இருந்தது.

அந்த டிசைன் வீணாகவில்லை. தீபாவளிக்கு அதே பெரியப்பா தறியில் அரக்கு உடலுக்கு மயில் கழுத்து நிற முந்தானையாக ஏறியது.

அப்புறம் என்ன ஆனது?

நாங்கள் காத்திருந்த மெஷின் அந்த வருஷமே பிறகு வந்தது. முதலில் சொன்ன விலையைவிட அதிகத்தில். நல்ல மெஷின் என்றுதான் மகன் சொல்கிறான், வேறு வேலைக்கு. விண்டோஸ் 10-க்கும் அக்டோபருக்குப் பிறகு இன்னொரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் பெற வழி கொடுத்தார்கள். ஆக, என்னை அவசரப்படுத்திய தேதியும் தள்ளிப்போனது, பொறுக்கச் சொன்ன தேதியும் தள்ளிப்போனது.

இன்னொன்றும் நடந்தது. 'கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் நாள் ஆக ஆக விலை குறையும், பொறுத்து வாங்கு' என்பது நமக்கெல்லாம் வேதவாக்கு. 2025 கடைசியில் அது தலைகீழானது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போக, ரேம் விலை மளமளவென்று ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் க்ரூஷியல் ரேம், எஸ்.எஸ்.டி. விற்பனையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. நான் அதுவரை பொறுத்திருந்தால் இன்னும் மோசம்.

காத்திருப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது.

வரதராஜ பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 1979-ல் வந்தபோது எனக்கு ஒரு வயசு. அப்பா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாராம். "இனி 2019-லதான். அப்போ நீ என்னைக் கூட்டிட்டுப் போகணும்" என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். ஊரே திணறியது. ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். முழங்கால் வலியோடு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார். தரிசனம் முடிந்து வெளியே வந்து, "நாப்பது வருஷம் ஓடிப்போச்சு பாத்தியா" என்று சிரித்தார். அடுத்த வருஷம் அவர் இல்லை.

அந்த நாற்பது வருஷத்தையும் இப்போது வேறு மாதிரி யோசித்துப் பார்க்கிறேன். அப்பா ஒரு நாளும் வரதருக்காகத் தறியை நிறுத்தி வைக்கவில்லை. தேதி நிச்சயமாகத் தெரியும். அதுவரை தினமும் குழிக்குள் இறங்கி, மிதியடியில் கால் வைத்து, நாடா ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தது அப்படி இல்லை. தேதி தெரியாத ஒன்றுக்காகக் கையில் இருந்ததை நிறுத்தி வைத்தேன்.

உங்களுக்கும் ஏதோ ஒரு 'அடுத்த மாடல்' இருக்கும். கம்ப்யூட்டரோ, ஸ்கூட்டரோ, தையல் மெஷினோ. வாங்குவதா, பொறுப்பதா என்று குழம்பினால், நான் இப்போது கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகளைச் சொல்கிறேன்.

வரும் என்று சொல்கிறார்களே, அது தேதியா, வெறும் பேச்சா?

வந்தால், என்னிடம் ஏற்கெனவே இருக்கும் சாமானோடு அது சேருமா?

நான் காத்திருக்கும்போது யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்?

முதல் ரெண்டுக்கும் பதில் சரியாக இருந்து, மூன்றாவதுக்கு 'யாரும் இல்லை' என்ற பதில் வந்தால், தாராளமாகக் காத்திருங்கள். இருக்கிற பழையதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பேக்கப் எடுத்து வையுங்கள்.

போன வாரம் மகன் மறுபடி போன் பண்ணினான். "அம்மா, எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு இல்ல, அதுக்கு அட்டையே வேணாம், பென் டிரைவ்ல டிசைனைக் குடுத்தாப் போதும். இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லாரும் அதுக்கு மாறிடுவாங்க. இப்போ அட்டை மெஷினுக்கு சர்வீஸ் செலவு பண்ணணுமான்னு யோசி."

"யோசிக்கிறேன்டா. பெரியப்பா தறியில அட்டைதானே ஓடுது? அது ஓடுற வரைக்கும் சர்வீஸ் பண்ணுவேன்" என்றேன்.

வாசலில் குரல் கேட்டது.

"அட்டை ரெடியாம்மா?"

"ரெடி பெரியப்பா. வந்து எடுத்துக்கோங்க."